அத்தைக்கு மாப்பிள்ளை விசாரித்த கதை

எங்கள் சித்தப்பா தேங்காய் வாங்கப் போனால் காயை மட்டும் ஆட்டிப் பார்த்துவிட்டு வரமாட்டார். கடைக்காரரையும் ஆட்டிப் பார்ப்பார். எந்த ஊர்க் காய், எப்போது பறித்தது, இதற்கு முன்னால் யாராவது கையில் எடுத்துப் பார்த்து வேண்டாமென்று வைத்துவிட்டுப் போனார்களா என்று கேட்டுக்கொண்டே நிற்பார். பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர் சிரித்துவிட்டால் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். கோயிலில் பொங்கல் ஒரு கை கூடுதலாக விழுந்தால், பூசாரிக்கு நம்மால் ஆகவேண்டிய காரியம் என்னவாக இருக்கும் என்று வீடு வரும்வரை யோசிப்பார். இப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் என்ன செய்ய முடியும்? எங்கள் குடும்பம் அவரை மாப்பிள்ளை விசாரிக்க அனுப்பியது.

மாப்பிள்ளை விசாரிப்பது எங்கள் பக்கத்தில் ஒரு தனி வித்தை. தரகர் ஜாதகம் கொண்டுவருவார். பொருத்தம் இருக்கிறது என்று ஜோசியர் சொல்லிவிட்டால், பெண் பார்க்க வரச்சொல்வதற்கு முன்னால் பெண் வீட்டிலிருந்து ஓர் ஆள் சத்தமில்லாமல் மாப்பிள்ளை ஊருக்குப் போய்வர வேண்டும். டீக்கடை, சலூன், பக்கத்துக் கடை என்று நாலு இடத்தில் வேறு எதையோ கேட்கிற மாதிரி கேட்டு, ஆள் எப்படி என்று தெரிந்துகொண்டு வரவேண்டும். தெரியாத ஊர்க் கடைத்தெருவில் ஓர் ஆண்பிள்ளை தனியாக நின்றால் யாரென்று கேட்பார்கள், கையில் ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நின்றால் கேட்கமாட்டார்கள் என்பது சித்தப்பாவின் கணக்கு. அந்தப் பிள்ளை நான்தான். ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். விசாரிக்கப் போகிற அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடலாம் என்பதால், அத்தைக்கு நிறைய மாப்பிள்ளைகள் வரவேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொள்வேன்.

அத்தை என்றால் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே தங்கை. சின்னசேலம் கடைத்தெருவில் எங்களுக்கு விதைக்கடை இருந்தது. கீழே கடை, பின்கட்டில் நாங்கள், மாடியில் சித்தப்பா குடும்பம். எல்லோருக்கும் சோறு அந்தக் கடையிலிருந்துதான். பலகையில் அண்ணன் தம்பி இருவர் பெயரும் பெரிதாக இருக்கும். ஆனால் வியாபாரம் நடந்ததோ பலகையில் பெயரில்லாத அத்தையின் கையால்.

விதை வாங்குகிறவர்களுக்குக் கம்பெனியைவிடக் கைராசி முக்கியம். யார் கையிலிருந்து விதை வருகிறதோ அந்தக் கை நல்ல கையாக இருக்கவேண்டும். அத்தையின் கை அப்படிப்பட்ட கை என்று அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே பேராகிவிட்டது. ஆடிப்பட்டம் நெருங்கினால் மலையடிவாரத்து ஊர்களிலிருந்தும் மலைமேல் கரியாலூர்ப் பக்கத்திலிருந்தும் முதல் வண்டி பிடித்து வந்து கடை வாசலில் உட்கார்ந்துகொள்வார்கள். அப்பா கல்லாவில் மீசையை நீவிக்கொண்டு, “இன்னா வெத வேணும், சொல்லுங்க” என்பார். “இருக்கட்டுங்க, பாப்பா வரட்டும். அது கையால வாங்கிக்கிறோம்” என்பார்கள். அத்தை அடுப்படியில் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, பையை எடுத்து வலது கையால் நீட்டி, “நல்லா வெளையட்டுங்க” என்பாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப் போவார்கள். எதிர்க்கடைக்காரர் ஒரு வருஷம் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் துண்டு இனாம் கொடுத்துப் பார்த்தார். துண்டை வாங்கத்தான் ஆள் வந்தது, விதைக்கு எங்கள் கடைக்கே வந்தார்கள்.

அத்தைக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. ஊரில் அதைச் சொல்கிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்கள். ஜாதகங்கள் வராமல் இல்லை. பொருந்தாமலும் இல்லை. விசாரிக்கிற இடத்தில்தான் எல்லாம் தட்டிப்போயிற்று. ஆத்தூர் மாப்பிள்ளை பட்டப்பகலில் சலூனில் உட்கார்ந்து பேப்பர் படித்தார், ஆகவே வேலைவெட்டி இல்லாதவர். உளுந்தூர்பேட்டை மாப்பிள்ளையைப் பற்றி டீக்கடையில் எல்லோரும் நல்லபடியாகச் சொன்னார்கள். ஒருத்தர்கூடக் குறை சொல்லாத ஆளை எப்படி நம்புவது என்று அவரையும் தள்ளினார் சித்தப்பா. இன்னொருவர் வீட்டில் பெரிய நாய் இருந்தது. ஒளித்துவைக்க ஒன்றுமில்லாதவனுக்கு அவ்வளவு பெரிய நாய் எதற்கு?

ஒவ்வொரு முறையும் அப்பா பெருமூச்சு விட்டு, “கல்யாணம்ன்றது ஆயிரங்காலத்துப் பயிரு. அவசரப்படக் கூடாது. ஆடி முடியட்டும், ஆவணில பாத்துக்கலாம்” என்பார். ஆவணி வந்தால் சம்பா விதை வியாபாரம் வந்துவிடும். அம்மா மட்டும் அடுப்படியில் பாத்திரங்களிடம், குற்றம் பார்த்தால் சுற்றம் இல்லை என்று சொல்லிக்கொள்வாள். பாத்திரங்கள் அதை யாரிடமும் போய்ச் சொன்னதில்லை.

தியாகதுருகத்து ஜாதகம் வந்தது ஓர் ஆனி மாதத்தில். மாப்பிள்ளை கோயம்புத்தூர்ப் பக்கம் ஏதோ ஒரு மில் டீமில் வாலிபால் ஆடியவர். ஆட்டத்தை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்கு வந்து கடைத்தெருவில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தார். வயது நாற்பதை நெருங்குகிறது. தாய் தகப்பன் இல்லை. தரகர் கொடுத்த போட்டோவில் அவர் வலைக்கு மேலே எம்பி, வலது கையை ஓங்கியபடி அந்தரத்தில் நின்றார். சித்தப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மாப்ள போட்டோன்னா காலு தரையில இருக்க வாணாமா?” என்று தரகரைக் கேட்டார். அப்பா சிரித்தார். போட்டோ அத்தையிடம் போனபோது அவள் சிரிக்கவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துப் பொங்கி வழிகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் எனக்குத் தலை பின்னிவிடும்போது, “கடைய எப்புடி வச்சிருக்காருன்னு பாத்துக்கினு வாடி” என்றாள். அதற்கு முன்னால் நான் போன எந்த ஊரைப் பற்றியும் அத்தை ஒரு வார்த்தை கேட்டதில்லை. பெரிய பொறுப்பை என்னிடம் ஒப்படைத்ததாக எனக்குப் பெருமையாக இருந்தது.

கள்ளக்குறிச்சியில் வண்டி மாறினோம். சித்தப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் சொல்லவேண்டிய பொய்களைச் சொல்லிக்கொடுத்தார். நாங்கள் ஆத்தூர்க்காரர்கள். புதுவீடு கட்டியிருக்கிறோம். பால் காய்ச்சுவதற்குக் குடம் வாங்க வந்திருக்கிறோம். “என்ன அப்பான்னுதான் கூப்புடணும், மறந்துடாத” என்றார். நான் மறக்கமாட்டேன் சித்தப்பா என்றேன். முறைத்தார்.

தியாகதுருகம் கடைத்தெருவில் மலைக்கோட்டை எந்தக் கடை வாசலில் நின்றாலும் தெரியும். சித்தப்பாவுக்கு அதைப் பார்க்க நேரமில்லை. பிளாஸ்டிக் கடைக்கு எதிரில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்து எனக்கு ஒரு பன்னும் தனக்கு ஒரு டீயும் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார். எதிர்க்கடை வியாபாரம் எப்படிப் போகிறது, கடை சொந்தமா வாடகையா, எத்தனை மணிக்குத் திறப்பார், மத்தியானம் கடையை மூடுகிறாரா? டீக்கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே சித்தப்பாவின் செருப்பு, கைக்கடிகாரம், சட்டைப்பையில் இருந்த பேனா எல்லாவற்றையும் பார்த்தார். “நமக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நாம உண்டு, நம்ம அடுப்பு உண்டுன்னு இருக்கறோம்” என்றார். அதோடு பேச்சு முடிந்தது. சித்தப்பா என் காதில், “பாத்தியா, ஏதோ இருக்குது. ஆளு வாயத் தொறக்க மாட்றான்” என்றார்.

சலூனில் முகம் மழிக்க உட்கார்ந்தார். காலையில் வீட்டிலேயே மழித்துக்கொண்டுதான் கிளம்பியிருந்தார். சலூன்காரருக்கு அது கை வைத்தவுடனே தெரிந்துபோயிற்று. கத்தியைத் தீட்டிக்கொண்டே அவர் இரண்டே வார்த்தை சொன்னார். “நல்ல மனுசந்தான்.” வெளியே வந்ததும் சித்தப்பாவுக்கு அந்தக் கடைசித் ‘தான்’ பிடிபட்டுவிட்டது. நல்ல மனுசன் என்று சொல்லி நிறுத்தவேண்டியதுதானே, அந்த இழுப்பு எதற்கு என்று கேட்டார். அந்தத் தெருவில் எந்தக் கடைக்குப் போனாலும் எங்களைக் கண்டதும் பேச்சு நின்றது. ஃபேன்சி ஸ்டோர் அக்கா, வளையல் கேட்ட எனக்கு முதலில் பில் போடட்டுமா என்று கேட்டார். நாங்கள் தெருவைச் சந்தேகப்பட்டதைவிடத் தெரு எங்களை அதிகமாகச் சந்தேகப்பட்டது.

வாயைத் திறந்தவர் எவர்சில்வர் பாத்திரக்கடைக்காரர் ஒருவர்தான். பிளாஸ்டிக் கடை வந்த பிறகு அவர் கடைக் குடங்கள் தூசி படிந்து உட்கார்ந்திருந்தன. அந்த வயிற்றெரிச்சல் பேச்சில் தெரிந்தது. சித்தப்பா பிளாஸ்டிக் குடம் நல்லதா எவர்சில்வர் நல்லதா என்று ஆரம்பித்ததுமே அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“அந்தக் கடையில போயி வாங்காதீங்க. வெள்ளிக்கெழம காலையில, மொத போணி, பீச்சாங்கையால எடுத்து நீட்டறாருங்க அந்த ஆளு! எவனுக்காச்சும் மனசு வருமா?”

பிறகு குரலைத் தாழ்த்தினார். அது வெறும் திமிர் இல்லையாம். டெல்லி, பம்பாய் என்று ஆடிவிட்டு வந்தவருக்குத் திமிர் இருக்கும், அது வேறு. இது செய்துவைத்த காரியமாம். இடது கையால் கொடுத்துக்கொண்டே வந்தால் எதிராளி கடையின் ராசி கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கைக்குப் போய்விடுமாம். கரியாலூர் மலையில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாம். மலையில் இருக்கிறவர்களுக்குச் சாமையும் தினையும் விதைத்து, பன்றி விரட்டி, வீடு கொண்டுசேர்க்கவே பொழுது போதாது. தியாகதுருகத்துப் பிளாஸ்டிக் வியாபாரத்தில் அவர்களுக்கு என்ன அக்கறை என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சித்தப்பாவுக்கோ வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று.

கடைசியில் பிளாஸ்டிக் கடைக்குப் போனோம். வாசல் முழுக்க ஒரு பழைய வாலிபால் வலையைக் கட்டி, அதில் குடம், பக்கெட், முறம், குழந்தைகள் பந்து எல்லாவற்றையும் கொக்கி போட்டுத் தொங்கவிட்டிருந்தார். நிறம் நிறமாக அசைந்துகொண்டிருந்தது. அந்தத் தெருவில் அவ்வளவு அழகான கடை வேறு இல்லை. அத்தைக்குச் சொல்ல அதை மனதில் வைத்துக்கொண்டேன். உள்ளேயிருந்து குனிந்தபடி அவர் வந்தார். நிமிர்ந்தால் பக்கெட் தலையில் இடிக்கும். அவ்வளவு உயரம்.

சித்தப்பா ஒரு நீலக் குடத்தைக் காட்டினார். அவர் இடது கையை மேலே போட்டுக் கொக்கியிலிருந்து குடத்தைக் கழற்றி, சுண்டிப் பார்த்து, அதே கையால் நீட்டினார். சித்தப்பா வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். குடம் இருவருக்கும் நடுவில் அப்படியே நின்றது. மாப்பிள்ளையின் முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு குடத்தை மேசைமேல் வைத்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“வச்சிட்டேங்க. எடுத்துக்குங்க.”

அதைச் சொன்ன விதத்திலிருந்து, பலமுறை அப்படி வைத்துப் பழகியவர் என்று தெரிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. “நீங்க ஏன் சோத்தாங்கையால குடுக்க மாட்றீங்க?” என்று கேட்டுவிட்டேன். சித்தப்பா என் தோளைக் கிள்ளினார். மாப்பிள்ளை சிரித்துவிட்டார். எங்களுக்கு இரண்டு ஸ்டூல் எடுத்துப் போட்டு, சித்தப்பாவைப் பார்த்து, “ஒக்காருங்க. சின்னசேலத்துலேர்ந்துதானங்க வர்றீங்க?” என்றார்.

சித்தப்பா ஆத்தூர் என்றார். நானும் ஆத்தூர் என்றேன். பால் காய்ச்சுவதையும் சேர்த்துச் சொன்னேன்.

“இல்லிங்க. தரகரு சொல்லி, ரெண்டு மாசம் முன்னால உங்க கடைக்கு வந்தேன். நான் குடுத்த நோட்ட நீங்கதான் வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சி ரெண்டு பக்கமும் பாத்தீங்க. அந்த முகத்த மறக்க முடியுங்களா? இங்க டீக்கடையில உங்கள வரி ஆபீசருன்னு நெனச்சிக்கினு தெரு பூரா போன் போட்டுட்டாங்க. வரி ஆபீசரு புள்ளையக் கூட்டிக்கினு வர்றாருன்னு.”

சித்தப்பாவின் வாழ்க்கையில் அவரை யாரும் விசாரித்ததில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தவர் வேட்டி நுனியைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். பந்தை அடித்து அடித்து வலது தோள் போய்விட்டது. இரண்டு முறை கத்தி வைத்தார்கள். சோறு எடுத்துச் சாப்பிடலாம், கையெழுத்துப் போடலாம். ஒரு பாரத்தைத் தூக்கி நீட்டினால் கை நடுங்கும், சாமான் கீழே விழும். அதனால்தான் இடது கை.

“தெருவுல இத சொல்லலாமில்ல?” என்றார் சித்தப்பா. அன்று அவர் கேட்ட கேள்விகளில் அது ஒன்றுதான் உண்மையான கேள்வி.

“சொன்னா கை வெளங்காதவன்னு பேரு வந்துடுங்க. திமிரு புடிச்சவன்ற பேரே இருக்கட்டும்னு வுட்டுட்டேன். ஆனா பொண்ணு வூட்டுல மறைக்கக் கூடாது பாருங்க. வந்து சொல்லலாம்னுதான் இருந்தேன்.”

என்னைக் கூப்பிட்டுக் கடையின் பின்பக்கம் கூட்டிப்போனார். விரிசல் விட்டு விற்காமல் போன பக்கெட்டுகளில் மண் நிரப்பி வெண்டைச் செடி வைத்திருந்தார். மஞ்சள் பூவும் விரல்நீளப் பிஞ்சுமாக இருந்தது. எங்கள் கடையில் வாங்கிய விதையாம். காடு கழனி இல்லாதவர் விதைக்கடைக்கு வந்து வேறு எதைக் கேட்க முடியும், வெண்டை விதை கேட்டிருக்கிறார். அத்தைதான் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். ஒரு விதைகூட வீண்போகவில்லை என்று சொன்னபோது அவர் முகத்தில் கடைக்காரக் களை போய், பரிசு வாங்கின பையனின் களை வந்துவிட்டது. வாசலுக்குத் திரும்பியதும் வலையிலிருந்து ஒரு சிவப்புப் பந்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். சித்தப்பா அதைத் திருப்பி வைக்கச் சொன்னார். இனாமாக வருகிற எதையும் அவர் வீட்டுக்குள் விடமாட்டார். எனக்கு அழுகை வந்தது.

கிளம்பும்போது அவர் வாசல் வரை வந்தார்.

“ஒண்ணு சொன்னா தப்பா நெனச்சிக்காதீங்க. நானும் உங்க தெருவுல விசாரிச்சேங்க. பொண்ணு தங்கமான பொண்ணுன்னாங்க. கேட்டுப் பாருங்க, ஆனா குடுக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க. ரெண்டு மூணு பேரு அதேதான் சொன்னாங்க. எதுக்குன்னு நான் கேக்கலங்க.”

சித்தப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். நீலக் குடம் மேசைமேலேயே இருந்தது. நடத்துனர் கொடுத்த சில்லறையைக்கூட எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டார். அவருக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தேன்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் தெளிந்துவிட்டார். கடையில் அப்பாவிடம், “கை வெளங்காதுண்ணே” என்றார். அப்பா அடப்பாவமே என்று சொன்னார். சொல்லும்போது அவர் முகம், மழைக்குக் கருத்த வானத்தைப் பார்த்த விவசாயியின் முகம் மாதிரித் தெளிவாக இருந்தது. அம்மா வாசற்படிக்கு வந்து, அந்தக் கையால் சோறு சாப்பிட வருகிறதா என்று கேட்டாள். வருகிறதாம் என்றேன். அப்புறம் என்ன என்றாள். சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “வெதக்கடைக்காரன் வூட்டுல பீச்சாங்கைக்காரன் மாப்ளன்னா எவன் நம்ம கடைக்கு வருவான்? கைராசிதான் நமக்குச் சோறு போடுது, தெரிஞ்சிக்கோங்க அண்ணி.” அப்பா ஆயிரங்காலத்துப் பயிரைப் பற்றிச் சொன்னார். ஆடி வருகிறது என்றும் சொன்னார்.

அத்தை பின்கட்டில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். வலையில் தொங்கிய பக்கெட், வரி ஆபீசர், தோள்பட்டை, திருப்பி வைத்த பந்து. வெண்டைச் செடி என்றதும் துணியைக் கீழே வைத்தாள்.

“அவரா? ஒயரமா, குனிஞ்சிக்கினு நின்னாரு. இடது கைய நீட்டிட்டு, மன்னிச்சிக்கிங்கன்னாரு. பரவால்லங்கன்னு அந்தக் கையிலயே வச்சேன். மொளச்சிதாடி?”

“காயே வச்சிருக்குது அத்தை.”

அத்தை சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கன்னமெல்லாம் சிவந்துபோயிற்று. நான் உற்சாகமாகிக் கடைசியில் மிச்சமிருந்ததையும் சொன்னேன். நம் தெருவில் அவரும் விசாரித்தாராம், கேட்டுப் பாருங்க, ஆனா குடுக்க மாட்டாங்க என்று சொன்னார்களாம். அத்தையின் சிரிப்பு அப்படியே நின்றது. “நம்ம தெருவுலயா?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மீதித் துணியையும் மடித்து வைத்துவிட்டு உலை வைக்கப் போனாள்.

மறுநாள் காலையில் மலையடிவாரத்திலிருந்து ஒரு பெரியவர் மக்காச்சோள விதைக்கு வந்திருந்தார். வருஷா வருஷம் முதல் போணி அவர்தான். அத்தை வழக்கம்போல் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். விதைப் பையை எடுத்தாள். இடது கையால் நீட்டினாள்.

பெரியவரின் கைகள் பாதி வழியில் நின்றுவிட்டன. அப்பா கல்லாவிலிருந்து எழுந்து, “பாப்பா, கைய மாத்து” என்றார், பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி.

“இனிமே இந்தக் கைதாண்ணே” என்றாள் அத்தை. நீட்டிய கையை அவள் இறக்கவில்லை.

பெரியவர் அப்பாவைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எதிர்க்கடைக்கு நடந்தார். அதற்குப் பின்னால் வந்தவர்களுக்கும் அதே கைதான். அப்பா கத்தினார். அப்புறம் கெஞ்சினார். சித்தப்பா, தியாகதுருகத்துக்காரன் வெண்டைக்காயில் மருந்து வைத்துவிட்டானா என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். நாங்கள் யாரும் அங்கே வெண்டைக்காய் சாப்பிடவில்லை என்று நான் சத்தியம் செய்யவேண்டியதாயிற்று.

ஆடி பாதியாவதற்குள் அத்தையின் கை பற்றிய பேச்சு மலை மேலேயும் ஏறிவிட்டது. கடை வாசலில் உட்கார ஆளில்லை. அந்த வருஷம் நல்ல மழை. எதிர்க்கடையில் வாங்கிய விதையும் நன்றாகவே முளைத்தது. ஒருநாள் அப்பாவே தரகரைக் கூப்பிட்டனுப்பி, கை கொஞ்சம் வராவிட்டால் என்ன, மனுசன் யோக்கியன் என்று தம்பி நேரில் பார்த்துவிட்டு வந்து சொன்னான் என்றார். சித்தப்பாவும் தலையை ஆட்டினார். ஆவணியில் கல்யாணம் நடந்தது. தாலி முடியும்போது மாப்பிள்ளையின் வலது கை நடுங்கியது என்றும், அத்தை தன் கையைக் கொண்டுபோய்த் தாங்கிக்கொண்டாள் என்றும் அம்மா சொல்வாள். நான் பந்தியில் இடம்பிடிக்கப் போயிருந்தேன்.

அதெல்லாம் பின்னால் நடந்தது. அத்தை கையை மாற்றிய அந்த முதல் நாள் சாயங்காலம், அவள் பின்கட்டில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தியாகதுருகத்தில் கேட்டது எனக்கு நினைவிருந்தது. வலது கை வலித்தால் இடது கையால் கொடுப்பார்கள். அத்தைக்கும் அதே வியாதி வந்துவிட்டது என்று முடிவுகட்டி, அலமாரியில் இருந்த தைலத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவளுடைய வலது கையை மடியில் எடுத்துப் போட்டுத் தோளிலிருந்து விரல்வரைக்கும் தேய்த்தேன். அத்தை கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“ரொம்ப வலிக்குதா அத்தை?”

“ஆமாண்டி. ரொம்ப நாளா.”

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. தைலம் காரமான தைலம், கண்ணில் பட்டுவிட்டதோ என்று பயந்து என் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். பிறகு வலி போகட்டும் என்று இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.